லொரெலுக்கு எப்படி வேண்டும்?

வீட்டைவிட்டுப் போன லொரெல், போகும்போது இறைச்சி சுடும் பார்பிக்யூ அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சூடான காற்றில் வேகவைக்கும் ஏர் ஃபிரையரை விட்டுவிட்டுப் போனாள். மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஆஸ்திரேலிய ஊரான ராக்ஹாம்டனில் இதைக் கேள்விப்பட்ட ஆண்கள் அத்தனை பேரும் முதலில் "அடுப்பையா?" என்றுதான் அதிர்ந்தார்கள். பெண்டாட்டி போன கதையை அதற்கப்புறம்தான் விசாரித்தார்கள். அடுப்பு எதற்கு என்று அவள் புருஷன் நெவிலுக்கே புரியவில்லை. அந்த அடுப்பை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. அவன் தொட விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இன்றைக்கு மத்தியானம் அவள் தையல் மெஷினை எடுத்துக்கொண்டு போக வருகிறாள். அவளை எப்படியாவது மேஜையில் உட்கார வைத்து, ஒரு ஸ்டேக்கைத் தட்டில் போட்டு, "திரும்பி வந்துடு" என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான் நெவிலின் திட்டம். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி மாட்டிறைச்சி. அடுப்பு இல்லாவிட்டால் என்ன, ஏர் ஃபிரையர் இருக்கிறதே என்று துணிந்துவிட்டான்.

கசாப்புக் கடையில் நல்ல விலாத் துண்டு இரண்டு வாங்கி வந்தான். எண்ணெய் தடவி, உப்பும் மிளகும் போட்டான். கைபேசியில் சமையல் சொல்லித்தரும் பெண்ணைப் பேச விட்டான். "இருநூறு டிகிரிக்குச் சூடு பண்ணிக்குங்க. எத்தனை நிமிஷம்ங்கிறது, சாப்பிடறவங்களுக்கு எப்படிப் பிடிக்கும்ங்கிறதைப் பொறுத்தது" என்றாள் அவள்.

நெவில் சிரித்தான். யாரிடம் கேட்கிறாள் இவள்! நண்பன் ரஸலுக்கு ரத்தம் சொட்ட வேண்டும். பக்கத்து வீட்டு டக்ளஸுக்கு நடுவில் மட்டும் லேசான சிவப்பு. பாதிரியாருக்குச் செருப்புத் தோல் மாதிரி வெந்தாக வேண்டும். தெருவில் எந்த ஆணின் பேரைச் சொன்னாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வான். சரி, லொரெலுக்கு?

அவன் கை நேரம் வைக்கும் குமிழின் மேல் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார்த்தான். ஆண்கள் பீர் பாட்டிலோடு அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். பெண்கள் உள்ளே சாலட்டுக்கு நறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவனவன் தட்டை நீட்ட, பேர் சொல்லிப் போடுவான் நெவில். மிச்சத்தை ஒரே டிரேயில் அடுக்கி, அலுமினியத் தாளைப் போட்டு மூடி உள்ளே அனுப்புவான். அதில் லொரெல் எதை எடுத்தாள், எப்படித் தின்றாள் என்று அவன் பார்த்ததே இல்லை. முப்பது வருஷமாக இல்லை.

ரஸலுக்குப் போன் போட்டான்.

"டேய், லொரெலுக்கு ஸ்டேக் எப்படிடா பிடிக்கும்?"

"உன் பொண்டாட்டிக்கு என்ன பிடிக்கும்னு என்னைக் கேக்கறியே, வெக்கமா இல்ல? பொம்பளைங்களுக்கு நல்லா வெந்திருக்கணும்டா. எங்க வீட்டுல அப்படித்தான்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அப்படின்னு யாரு சொன்னா?"

"இருடா, அப்புறம் பேசறேன்" என்று ரஸல் அவசரமாக வைத்துவிட்டான்.

அடுத்து, மக்காய் நகரில் இருக்கும் மகள் டீகனுக்கு.

"அம்மாவையே கேளேன்ப்பா."

"கேட்டா அவளுக்கு ஆச்சரியமா இருக்காதேம்மா."

"அப்பா, நீ கேட்டாத்தான் அவங்களுக்கு ஆச்சரியம்."

இது கேலியா, புத்திமதியா என்று நெவிலுக்கு விளங்கவில்லை. கடைசியில், ஒன்றைச் சீக்கிரம் எடுப்பது, இன்னொன்றை நன்றாக வேகவிடுவது என்று தீர்மானித்தான். எது பிடிக்கிறதோ அதைச் சாப்பிடட்டும். ஆனால் அந்தப் பெட்டியோடு அவனால் ஒத்துப்போக முடியவில்லை. அடுப்பில் என்றால் சத்தம் சொல்லும், புகை சொல்லும், விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் மீதி தெரிந்துவிடும். இதுவோ வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே இரைகிறது. சந்தேகம் வரும்போதெல்லாம் அதன் கூடையை இழுத்துப் பார்த்தான். இழுத்த போதெல்லாம் சூடு வெளியே போனது. சீக்கிரம் எடுத்தது சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது. மற்றது வெந்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கொழுப்பு தீய்ந்து புகைந்தது. அந்நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

லொரெல் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. வந்ததும் வராததுமாக, "என்ன நெவ், இப்படிக் கருகுது?" என்று கேட்டு ஜன்னலைத் திறந்தாள்.

கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்ததெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று. "லொரெல், உனக்கு ஸ்டேக் எப்படி இருக்கணும்?"

"என்னது?"

"எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. ரஸலைக்கூடக் கேட்டுட்டேன்."

"ரஸலுக்கு எப்படித் தெரியும்?"

"அதானே" என்றான் நெவில் பரிதாபமாக.

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் தெரியாம இருந்துச்சு நெவ். டிரேயில கடைசியா எது மிஞ்சுதோ அதைத்தான் தின்னேன். அதுக்குத்தான் அடுப்பை எடுத்துட்டுப் போனேன். ஒரு வாரம் ரத்தமா, ஒரு வாரம் பாதி வேக்காடா, ஒரு வாரம் கருகக் கருக, எல்லாம் சுட்டுப் பாத்துட்டேன்."

"எது பிடிச்சுது?"

"ஒண்ணுமே பிடிக்கல. எனக்கு ஸ்டேக்கே பிடிக்காதுன்னு இந்த வயசுல கண்டுபிடிச்சிருக்கேன்."

முச்சந்திக்கு முச்சந்தி காளைச் சிலை வைத்திருக்கிற ஊர் இது. இங்கே இப்படி ஒரு பேச்சை அவன் கேட்டதேயில்லை. கோபப்படுவதா, அவளுக்காக வருத்தப்படுவதா, இத்தனை வருஷம் சுட்டுப்போட்ட தன்னையே நொந்துகொள்வதா என்று தெரியவில்லை.

"அப்போ... திரும்பி வரமாட்டியா?"

"ஸ்டேக் தின்னவா?"

"இல்ல. சும்மா. வீட்டுக்கு."

"மாட்டேன் நெவ்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தையல் மெஷினை அவனே சுமந்து வந்து கார் பின்னிருக்கையில் வைத்தான். கதவைச் சாத்தினான். அவள் வண்டியைக் கிளப்பி, பின்னால் எடுக்கக் கழுத்தைத் திருப்பினாள். நெவில் ஜன்னலோரம் போய்க் குனிந்தான். அவளை வரவழைக்கிற தந்திரமெல்லாம் அவனிடம் தீர்ந்துபோயிருந்தது. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான்.

"அப்போ உனக்கு என்னதான் பிடிக்கும் லொரெல்?"

அவள் அவனையே பார்த்தாள்.

"சொல்ல ஆரம்பிச்சா நேரமாகும்."

"எனக்கு ஒரு வேலையும் இல்ல."

அவள் எஞ்சினை அணைத்தாள். "பிடிக்காததுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா? அது நெறைய இருக்கு."

நெவில் கார் கதவுக்குப் பக்கத்தில், சுடுகிற சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். "சொல்லு" என்றான்.