முகதாட்சண்யம் இல்லாத ஓட்டு

பிரிட்ஜ் மெக்கானிக்குகள் மூவாயிரம் பேர் சேர்ந்திருந்த இணையக் குழுவில் அவளுக்குப் பெயர் ‘கேஸ் அக்கா’. புது மாடல் பிரிட்ஜ்களில் வரும் கேஸ் சட்டென்று தீப்பிடிக்கும். அதைப் பற்றி யார் என்ன சந்தேகம் கேட்டாலும் அலுக்காமல் பதில் எழுதுவாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

அந்தக் குழுவில் ஒருவருக்கொருவர் நம்பிக்கை ஓட்டுப் போடலாம். நம்பினால் பிளஸ், நம்பாவிட்டால் மைனஸ். யார் போட்டது என்று பெயர் கீழேயே தெரியும். நூறு பிளஸ் சேர்ந்தால் பச்சை முத்திரை. வாடிக்கையாளர்கள் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் வேலைக்குக் கூப்பிடுவார்கள். அவளுக்கு நூற்றுப் பதினெட்டு இருந்தது. குழுவிலேயே அதிகம் வைத்திருந்தவர் மாஸ்டர்: நானூற்றுப் பன்னிரண்டு பிளஸ், ஒரு மைனஸ்கூட இல்லை. அவளையும் சேர்த்துப் பாதிப் பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பேருக்கு உதிரிபாகம் கொடுப்பவர்.

ஒருநாள் மாஸ்டர் ஒரு வீடியோ போட்டார். கேஸை வெளியே விட்டதும் நேராக டார்ச்சைப் பற்றவைத்துக் குழாயை ஒட்டிவிடலாம், நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்வதெல்லாம் நேரக்கேடு என்றார். பட்டறையில் உட்கார்ந்து பார்த்த அவளுக்கு அதிலிருந்த ஆபத்து உடனே தெரிந்தது. கம்ப்ரசர் எண்ணெயில் கரைந்திருக்கும் கேஸ், குழாய் காலியான பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். அங்கே நெருப்பைக் காட்டினால் முகம் போய்விடும்.

வீடியோவின் கீழே காரணத்தை விளக்கி எழுதினாள். மாஸ்டர் அதை அழித்தார். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தார். மூன்றாவது முறை அவள் எழுதவில்லை. மாஸ்டரின் பெயருக்கு எதிரே மைனஸை அழுத்தினாள்.

இரண்டே நாளில் இருபத்தாறு பேர் அவளுக்குக் கொடுத்த பிளஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பச்சை முத்திரை போயிற்று. நாளுக்கு ஐந்தாறு வீடுகளிலிருந்து வந்த அழைப்பு, ஒன்று இரண்டாகச் சுருங்கியது.

பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒருவன் போன் செய்தான். “அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. நானும் டார்ச் வைக்கறதுக்கு முன்னாடி நைட்ரஜன் விடாம இருக்க மாட்டேன்.”

“அப்போ ஏம்பா பிளஸை எடுத்தே?”

“நாளைக்கு அவர் கடையில போய் நிக்கணுமே அக்கா.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. இவனைப் போல இன்னும் எத்தனை பேர் என்றுதான் தோன்றியது. அன்றே குழுவை நடத்தும் கணினிக்காரருக்கு எழுதினாள்: ‘இது நம்பிக்கை ஓட்டு இல்லை சார், வணக்கம் போடறது. பேர் தெரியாம போட விடுங்க.’

அவருக்கும் உறுத்தல் இருந்திருக்கிறது. ஆனால் மறைவாகப் போடவிட்டால் ஒரே ஆள் பத்துப் பெயரில் வந்து பழி தீர்ப்பானே என்று பயந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் கணினித் திரையில் கூட்டினார்.

மாஸ்டர்தான் முதலில் பேசினார். “நாப்பது வருஷமா முகத்தைக் காட்டித் தொழில் பண்றேன். ஒளிஞ்சு நின்னு கல்லெறியறவனுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?”

அவள் மைக்கைத் திறந்தாள். ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் கணவர், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு வாசல்படியில் வந்து நின்றார்.

“மாஸ்டர், உங்களுக்கு மைனஸ் போட்டது நான் ஒருத்திதான். பேரோடதான் போட்டேன். மறைவு எனக்கு வேணாம். உங்ககிட்ட பார்ட்ஸ் வாங்கறவங்களுக்கு வேணும்.”

பிறகு எல்லோருக்குமாகச் சொன்னாள்.

“ஒரு வீடியோ தப்புன்னு சொல்றவங்க பேரைப் போட்டு, காரணத்தோட சொல்லட்டும். அதை யாரும் அழிக்கக் கூடாது. ஆளை நம்பறோமா இல்லையாங்கறது மட்டும் மறைவா இருக்கட்டும். போடறது நிஜ ஆளான்னு சார் பாக்கட்டும். என்ன போட்டாங்கன்னு அவரும் பாக்கக் கூடாது.”

ஒரு மாதம் சோதனை என்று முடிவாயிற்று. பழைய ஓட்டுகளை அழித்துவிட்டு, எல்லோரும் புதிதாகப் போட்டார்கள். எண்ணிக்கை வந்த அன்று அவள் ஒரு வீட்டுச் சமையலறையில் பிரிட்ஜுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் போனை எடுத்தாள்.

மாஸ்டருக்கு நூற்று முப்பத்தொரு பிளஸ், இருநூற்றுத் தொண்ணூறு மைனஸ். அவளுக்கு முந்நூற்று அறுபத்தெட்டு பிளஸ், முப்பத்தேழு மைனஸ்.

படியிறங்கும்போதே மாஸ்டரின் அழைப்பு வந்தது. சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தாள். மறுமுனையில் குரல் உடைந்திருந்தது.

“ஏம்மா, இத்தனை பேர் என் முகத்துக்காகத்தான் தலையாட்டுனாங்களா?”

“உங்ககிட்ட கத்துக்கிட்டதை யாரும் மறக்கல மாஸ்டர். அந்த வீடியோ மட்டும்தான் தப்பு. முகதாட்சண்யத்துல யாரும் வாயைத் திறக்கல.”

“நீ திறந்தியே.” பெருமூச்சு விட்டார். “அந்த எண்ணெய் விஷயத்தை எனக்கு ஒருதரம் சொல்லு.”

அவள் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு, வெயிலிலேயே நின்று, முழுவதும் சொன்னாள். மறுநாள் மாஸ்டர் பழைய வீடியோவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார். முதல் வார்த்தையே, ‘நான் தப்பாச் சொல்லிட்டேன்’ என்பதுதான். அதைக் கேட்டபோது, தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான் என்பதில் அவளுக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

கணவருக்குத்தான் ஆறவே இல்லை. சாப்பிடும்போது, “அந்த முப்பத்தேழு பேர் யாருன்னு மட்டும் தெரியட்டும்” என்று பொருமினார்.

“தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“ஏன் போட்டேன்னு கேப்பேன்.”

“அதுக்குத்தாங்க தெரியக் கூடாது.” அவள் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தாள். “முந்நூத்திச் சொச்சம் பேர் புடிச்சுப் போய்ப் போட்டாங்க, சந்தோஷம். ஆனா எம்மேல நம்பிக்கை இல்லன்னு முப்பத்தேழு பேர் பயப்படாம சொல்லியிருக்காங்க பாருங்க. அதுக்கு வழி பண்ணது நானு.”

அவர் பாத்திரத்தில் மிச்சமிருந்த பொரியலை வழித்து அவள் தட்டில் வைத்தார்.