நல்ல நேரத்தில் கட்டிய பொட்டலம்

ஐந்தாவது பிளாப்பியையும் போட்டுப் பார்த்துவிட்டேன். பாலம்மாளுக்கு அதே 479 நாள்தான்.

வந்த எரிச்சலுக்கு கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். மில் சொத்து என்பதால் விட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் நூல் மில்லில் வருகைக் கணக்கு புரோகிராமைச் சோதிப்பது என் வேலை. அதை எழுதும் தேவநேசன் ராஜபாளையத்தில், எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி காசிராஜன் அண்ணாச்சியின் ஆபீசில் இருக்கிறான். இந்த வருஷம் பிப்ரவரிக்கு 29 நாள். அவன் 28 என்று எழுதித் தொலைத்தான்.

இரண்டு வருஷத்தில் 480 நாள் வேலை பார்த்தவர்களை மில் நிரந்தரமாக்கும். அந்த 29-ஆம் தேதியைச் சேர்த்தால் பாலம்மாளுக்குச் சரியாக 480. மேனேஜர் கம்ப்யூட்டர் லிஸ்டைத் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போட மாட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பதினொன்றரைக்கு லிஸ்டோடு கோயம்புத்தூர் கிளம்புகிறார். லிஸ்டில் இல்லாதவர்கள் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம். பாலம்மாள் காலையிலிருந்து என் கதவோரம் நிற்கிறாள். உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை.

தேவநேசனுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அது அன்னைக்கே சரி பண்ணியாச்சு. இங்கன 480 வருது. ஒங்க மிஷின்லதான் கோளாறு."

"ஏலே, அஞ்சு பிளாப்பியா இதத்தான் சொல்லுத. என் மிஷினுக்கு என்ன, பேயா பிடிச்சிருக்கு?"

போனை வைத்துவிட்டு, அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத ஒன்றை எடுத்தேன். அவன் புரோகிராமை மொத்தமாகச் சுருட்டிப் பிளாப்பியில் கட்டி அனுப்புகிற கட்டளை வரிசை, ஷெல் ஸ்கிரிப்ட். இரண்டு தாளில் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் படித்தேன். காப்பி எடு, சரி. பழைய குப்பையை நீக்கு, சரி. ஏழாவது வரியில் பேனா நின்றது. எல்லா பைலுக்கும் ஒரே தேதி போடச் சொல்லியிருந்தது. ஜனவரி 22, காலை 9.20.

நேற்று மாற்றிய பைலுக்கு ஜனவரித் தேதி! இங்கே இருக்கும் மேக் என்ற கட்டளை தேதியை மட்டும்தான் பார்க்கும். அவன் எழுதிய மூல பைல் புதுசாக இருந்தால் அதை மறுபடி கம்பைல் செய்து, மிஷின் ஓட்டுகிற புரோகிராமாக மாற்றும், இல்லையென்றால் பழையதையே வைத்துக்கொள்ளும். நான் கம்பைல் செய்தது பிப்ரவரியில். ஜனவரித் தேதியோடு எத்தனை திருத்தம் வந்தாலும் அது சீந்தவே சீந்தாது.

மறுபடி போன். "ஏழாவது வரி யார் போட்டது?"

"அண்ணாச்சி சொன்னாவ. பிளாப்பில இருக்க எல்லாம் தை மாச முகூர்த்தத்துல பொறந்ததா இருக்கணுமாம். நமக்கு அதெல்லாம் கெடையாதுக்கா, நான் சர்ச்சுக்குப் போறவன். சொன்னாவ, போட்டேன்."

திட்ட நேரமில்லை. பழைய கம்பைலை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். ஏழு நிமிஷம் ஆயிற்று. திரையில் பாலம்மாள், 480. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிரிண்டரை ஆன் செய்யும்போது போன் அடித்தது. காசிராஜன் அண்ணாச்சி.

"ஏம்மா கிருபாபாய், தம்பி சொன்னான். இப்ப எடுக்காத. மணி பதினொண்ணே காலு, ராகு காலம். பன்னெண்டு தாண்டட்டும். மொத லிஸ்டு, நல்லபடியா போவணும்."

"அண்ணாச்சி, பதினொண்ணரைக்கு மேனேஜர் கெளம்பிருவாரு."

"செத்த நேரம் நிப்பாட்டு. நான் பேசிக்கிடுதேன்."

அவர் பேசி மேனேஜர் ஒருநாளும் நின்றதில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு பாலம்மாளிடம் திரும்பினேன். "ராகு காலமாம், லிஸ்ட் எடுக்கக் கூடாதாம். என்ன செய்ய?"

அவள் முதன்முறையாகக் கதவை விட்டு உள்ளே வந்தாள்.

"நானூத்தி எம்பது நாளும் ஊதுன மில்லு சங்கு, ஒரு நாளாவது ராகு காலம் பாத்தா ஊதுச்சு? நீங்க எடுங்கம்மா."

அண்ணாச்சி போனில் கத்திக்கொண்டிருந்தார். பிரிண்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.