நாற்பது கிராம்

உலகம் தோன்றிய நாள் முதல் சமையலறைத் தராசால் ஓர் உயிர்கூடப் பிழைத்ததில்லை. கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் மாமன் இதை அக்கா வீட்டுச் சமையல் மேடைமேல் உட்கார்ந்துகொண்டு பலமுறை அறிவித்திருக்கிறான். அந்த மேடையைத்தான் இப்போது துடைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் மூன்று வயதுக் குழந்தையைக் காலையில் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறு. புரதம் கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் அம்மோனியா ஏறிவிடும். அதை வெளியேற்றத் தெரியாத ஈரல். அதனால் ஒவ்வொரு கவளமும் தராசில் ஏறித்தான் வாய்க்குப் போகும். ரொட்டி நாற்பது கிராம். நாற்பத்திரண்டு காட்டினால் அக்கா ஓரத்தைக் கிள்ளுவாள்.

"நகைக்கடையில சேந்துடுக்கா. இந்தக் கைக்கு அங்க மரியாதை."

"வாயை மூடிட்டு நீ எடை மிஷின்ல ஏறு."

மாற்று ஈரல் வைத்தால் எல்லாம் தீரும் என்றார் டாக்டர். அக்காவின் உடம்பிலும் அதே கோளாறு ஒளிந்திருந்தது. அத்தானின் ரத்த வகை சேரவில்லை. சேர்ந்தது மாமனுக்கு மட்டும்தான். ஆனால் அவன் ஈரலில் கொழுப்பு.

"ஏழு கிலோ குறைச்சுட்டு வாங்க தம்பி, ஒரு துண்டு எடுத்துக்கலாம்."

ஞாயிறுதோறும் அக்கா அவனைக் குளியலறையில் எடை பார்த்து நோட்டில் எழுதினாள். கேண்டீன் கிரீம் பன்கள் அந்த நோட்டில் ஏறாமலிருக்க, மாமன் பக்கத்து வாஷ்பேசினில் உள்ளங்கையை ஊன்றிக்கொள்வான். ஒருநாள் குழந்தை பார்த்துவிட்டது.

"மாமா கை! மாமா கை!"

தூக்கச் சொல்கிறது என்று நினைத்து அக்கா அதைத் தூக்கிக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் நோட்டில் ஏழு கிலோ குறைந்தது. ஆஸ்பத்திரி எடை மிஷினுக்குப் பக்கத்தில் வாஷ்பேசின் இல்லை. ஸ்கேனும் அவன் பக்கம் பேசவில்லை. அறுவைச் சிகிச்சை ஆறு வாரம் தள்ளிப் போயிற்று. "நம்ம மிஷின் பழசுடா, என் தப்புதான்" என்று அக்கா புதிதாக ஒன்று வாங்கினாள்.

நான்காவது வாரம் சாதாரணக் காய்ச்சல். அம்மோனியா ஏறிற்று. தூங்கிய குழந்தை பிறகு எழுந்திருக்கவில்லை.

அக்கா சமையலறைக்குள் வந்தாள். யாரோ கொண்டுவந்திருந்த ரொட்டியை அவன்முன் வைத்தாள்.

"காலைலேர்ந்து நீ பட்டினி. சாப்பிடு."

"அக்கா, அந்தப் பழைய மிஷின்..."

"விடுடா. பழசு. அதைப் போய் இப்ப..."

"பழசில்லக்கா."

அக்கா ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். மூடிய குழாயை மறுபடியும் இறுக்கினாள். உள்ளே போனாள்.

மாமன் அலமாரியிலிருந்து தராசை எடுத்து மேடைமேல் வைத்தான். ரொட்டியை அதன்மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தான்.

நாற்பத்தாறு.

ஓரத்தைக் கிள்ளினான். மறுபடியும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.