வாயால் ஒரு வார்த்தை

ஞானமுத்துவின் இடது கை ஜன்னலில் இருந்த தன் போனைக் காட்டியது. பிறகு வாசலைக் காட்டியது. வலது கையும் காலும் காலையில் நாற்காலியிலிருந்து சரிந்தபோதே விழுந்துவிட்டன. கோணிப்போன வாயிலிருந்து எச்சில் வடிந்தது.

கனகமணி அதைத் துடைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லுதீக? வாயத் தொறந்து சொல்லுங்க."

"ப்பா... ப்பா..." என்றார்.

கல்யாணத்துக்கு முன் விருதுநகரில் நர்ஸாக இருந்தவள் அவள். இது என்ன நோய், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஆள் தேறிவிடுவார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்நிய ஆண்களைத் தொடுகிற வேலை ஆகாது என்று அதை விட வைத்தவரே அவர்தான். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், ஆமத்தூர் ஜெபவீட்டில் மூப்பர். முதலில் அவளுடைய பூ போயிற்று, பிறகு கம்மல், பிறகு போன். கடைசியில் செருப்பு. புருஷன் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் பெண் வாசலைத் தாண்டக்கூடாது என்பது ஜெபவீட்டுச் சட்டம். அதைக் கொண்டுவந்த மகராசனும் இவரேதான். அவளுடைய ஒரே ஜோடிச் செருப்பு பீரோவின் மேல் இருக்கும். அவர் எடுத்துக் கீழே போட்டால் போகலாம்.

மகள் பியூலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட அன்று அவர் அச்சங்குளத்தில் உபவாச ஜெபத்தில் இருந்தார். பக்கத்து வீட்டு முருகேஸ்வரி போன் போட்டாள். "நான் வந்து சொல்லுத வரைக்கும் ரெண்டு பேரும் வாசலத் தாண்டக்கூடாது. ஜெபம் பண்ணச் சொல்லு" என்றார். குடல்வால் வெடித்துவிட்டது என்று தெரிந்தும் கனகமணி முழங்கால் போட்டாள். அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளைக்குப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. அடக்கத்துக்குப் பெண்கள் போகக்கூடாது என்பதால் அதையும் அவள் வாசலுக்குள் நின்றுதான் பார்த்தாள்.

இப்போது பட்டாசு சீசன். தெருவே கம்பெனி வேனில் ஏறிப் போயிருந்தது.

பழக்கத்தில் அவள் விரல்கள் அவர் நாடியைப் பிடித்தன. எழுந்து ஜன்னல் வரை போனாள். போனை எடுக்கக் கைகூட நீண்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்படுகிற இடத்தில் பியூலா படுத்திருந்தாள்.

திரும்பி வந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"நான் வெளிய போகணும்லா? 'போ'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போயிருதேன்."

அவர் கண்கள் அவளையே பார்த்தன. முதலில் கோபம் வந்தது, பிறகு பயம். அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"சரி, ஜெபம் பண்ணுதேன்" என்று முழங்கால் போட்டாள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய முருகேஸ்வரி, கையில் ஒட்டிய வெள்ளிப்பொடியோடு அப்படியே ஓடிவந்தாள்.

"என்னக்கா இது... ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"அவுக சொல்லலையே."

பியூலா சுருண்ட அன்று போனில் அவர் சொன்னதைக் காதால் கேட்டவள் முருகேஸ்வரி. கனகமணியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, ஞானமுத்துவின் கண்களை மூடிவிட்டாள்.

மறுநாள் ஜெபவீட்டுப் போதகர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். "மூப்பர் உயிர் போற நேரத்துலயும் நம்ம கனகமணியம்மா கீழ்ப்படிதல விடல. பொம்பளைக பாத்துப் படிச்சுக்கிடணும்." பெண்கள் ஆமென் என்றார்கள். கனகமணியும் சொன்னாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். கனகமணி உள்ளே போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த செருப்பை எடுத்தாள். காலை நுழைத்ததும் காய்ந்துபோன வார் அறுந்தது. வாசலில் ஞானமுத்துவின் செருப்பு கிடந்தது. அதற்குள் காலை விட்டாள்.

போதகர் குறுக்கே வந்தார். "யம்மா, ஆரு ஒங்களப் போகச் சொன்னது?"

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருப்பவள் போலக் கொஞ்சம் நின்றாள்.

"வேண்டாம்னு அவுக சொல்லலையே" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இடப்பக்கம் கொண்டுபோனார்கள். கனகமணி அந்தப் பெரிய செருப்பை இழுத்து இழுத்து வலப்பக்கம் நடந்தாள், ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பெயரைப் படித்துக்கொண்டு.