யார் முதலில் மூச்செடுப்பது

மானிப்பாயில் நானும் பாடும் எங்கள் சேர்ச் பாடகர் குழுவில், பேஸ் என்கிற அடிக்குரல் பாட இரண்டே ஆண்கள்தான் மிச்சம். ஒருவர் என் புருஷன் பிலிப்பு. மற்றவர் என் அண்ணை இராசசிங்கம். இரண்டு பேருக்கும் நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் இரண்டு தோட்டக் காணிகளுக்கும் நடுவே எல்லை வேலியை ஒரு அடி தள்ளிப் போட்டது யார் என்ற சண்டை. அந்த ஒரு அடியில் என்ன, பொன்னா விளையப்போகிறது?

உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் எங்கள் மகள் வித்தியாவுக்குக் கலியாணம். இருக்கிற ஒரே தாய்மாமன் வராமல் என்ன கலியாணம்? "அவனுக்குச் சொல்லக் கூடாது" என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். நான் அழுதும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன்.

இந்த முறை பெரிய வெள்ளிக்கென்று, பாட்டுப் பழக்கும் நிவேதனா ஒரு புதுப் பாட்டைக் கொண்டுவந்தாள். லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், இங்கிலாந்தில் பல நூறு வருடங்களுக்கு முன் சேர்ச்சுகளில் பாடிய முறையைப் பின்பற்றி எழுதியது. ஆர்மோனியம் கிடையாது, வெறும் குரல்கள். கடைசி ஆமெனில் மற்றக் குரல்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடும். பேஸ் மட்டும் ஒரே சுரத்தை அறுபடாமல் இழுக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒண்டா மூச்செடுக்கக் கூடாது அங்கிள். ஒராள் எடுக்கேக்கை மற்றவர் பிடிச்சுக்கொண்டிருக்கோணும். பக்கத்திலை நிக்கிறவரைக் கேளுங்கோ" என்றாள்.

கேட்பார்களா? முதலில் மூச்செடுக்கிறவன் தோற்றவன் என்று இருவரும் நினைத்துவிட்டார்கள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு வாங்குவார்கள். பாட்டின் நடுவே பெரிய பள்ளம். ஒவ்வொரு பழகலிலும் இதே கூத்து.

"உந்த வேலியைக் கொண்டுவந்து சேர்ச்சுக்குள்ளையும் போடுறியளோ?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று இவருக்குச் சளி. கடைசி ஆமெனில் இருமல் பிடித்துக்கொண்டது. லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். சரி, பாட்டு விழுந்தது என்று நினைத்தேன். விழவில்லை. அண்ணை தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். குரல் நடுங்கியது, கண் பிதுங்கியது, ஆனால் விடவில்லை. ஐயோ, மனுசன் மயங்கி விழப்போகிறாரே என்று நான் என் பாட்டையே மறந்துபோனேன். இவர் இருமலை அடக்கி மெல்லச் சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அண்ணை மூச்செடுத்தார்.

ஆராதனை முடிந்து நடந்து வரும்போது இவர் சொன்னார்: "பாத்தியே? என்னை வெண்டு காட்டத்தான் அப்பிடி இழுத்தவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெல்லுறதெண்டால் நீங்கள் சேர்ந்த பிறகும் பிடிச்சிருப்பர் தானே? நீங்கள் வந்தோடனை ஏன் விட்டவர்?"

எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது. இவர் திரும்பாமல் அப்படியே நின்றார்.

"இஞ்சேரப்பா, உன்ரை அண்ணை இப்ப வீட்டை போய்ச் சேர்ந்திருப்பான் என்ன?"

"ஓம்" என்றேன்.

"அப்ப நட. கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் அவன் என்ன நினைப்பான்?"