ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பலகை

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. என் மனைவி ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. தேய்ந்துகொண்டிருந்த பள்ளியை கல்வி ஆய்வு ஒன்றின் முடிவுகளை வைத்து நிமிர்த்தியவள். அதைப் பற்றி அவள் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மழை கொட்டிய ஒரு காலையில், கலங்கிய கண்களோடு தலைமையாசிரியை—’

“மழையும் பெய்யலை, நானும் அழலை. செம கடுப்புல இருந்தேன்,” என்றாள்.

அரைகுறை வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும். கடுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

2

கடுப்புக்குக் காரணம் மேலிடத்து உத்தரவு. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் ஓர் அறை நிறையவாவது பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளியை மூடி, இருப்பவர்களை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். இத்தனைக்கும் வாசல் பலகை ஆண்டுதோறும் பளபளக்கும்: ‘பத்தாம் வகுப்பு, கணிதம், தேர்ச்சி 100%.’

அந்த நூறுக்குச் சொந்தக்காரர் கணித ஆசிரியர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே ‘நூறு’. தலைமையாசிரியைக்கு உடன்பிறந்த அண்ணன். பள்ளிக்குள் தங்கையை ‘மேடம்’ என்பார். வெளியே வந்துவிட்டால் ‘பாப்பா’.

[எனக்கு மைத்துனர். இது அச்சில் வந்தபின் அவர் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்குமா என்பது தனிக்கதை.]

அவள் படித்த ஆய்வு, நலிந்த பள்ளிகள் பலவற்றைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. படிப்பை விடும் பிள்ளை பத்தாம் வகுப்பில் விடுவதில்லை என்றது அது. ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவத்தில் வருகை குறைந்து, ஒன்றிரண்டு பாடத்தில் தோற்கும்போதே அதன் மனம் கிளம்பிவிடுகிறது. ஆகவே கெட்டிக்கார ஆசிரியரை ஒன்பதில் போடுங்கள், வராத பிள்ளையை அன்றைக்கே தேடுங்கள்.

அவள் பள்ளியில் எல்லாம் தலைகீழ். புதிதாக வந்தவருக்கு ஒன்பது, பழம் தின்று கொட்டை போட்டவருக்குப் பத்து. பத்திலிருந்து ஒன்பதுக்கு ஒருவரை மாற்றுவது, எல்லார் முன்னாலும் அவர் நாற்காலியைப் பிடுங்குவதற்குச் சமம்.

3

புதிய கால அட்டவணையை ஒட்டிய காலையில் நூறு அவள் அறைக்குள் வந்தார்.

“மேடம், என் பேரு தப்பான கட்டத்துல இருக்கு.”

“சரியான கட்டத்துலதான் சார் இருக்கு.”

அவர் கதவைச் சாத்தினார். மேடம் போய்ப் பாப்பா வந்தாள்.

“பாப்பா, நேத்து வேலைக்கு வந்த பையன் கையில பத்தாவதைக் குடுத்துட்டு என்னை ஒன்பதாவதுக்கு அனுப்புறியா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க? எவனோ எங்கேயோ பண்ண ஆராய்ச்சி. அதுல நம்ம ஸ்கூல் இருக்கா?”

“இல்லண்ணா. அதனாலதான் நம்ம ஸ்கூலையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவதுல சேர்ந்தவங்கள்ல பாதிப் பேர் உங்க கிளாசுக்கு வந்து சேரவே இல்லை. உங்க நூறு, மிச்சம் இருந்தவங்களோட நூறு.”

இந்த இடத்தில் நான் மைத்துனரைக் கத்த வைத்திருந்தேன். மேசையில் குத்த வைத்திருந்தேன். வேலையை விட்டுவிடுவேன் என்று சபதம்கூட—

“எல்லாத்தையும் அடி,” என்றாள் மனைவி. “அண்ணன் என் கையில இருந்த பேப்பரை வாங்கினாரு. நான் போட்ட கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாரு. தப்பு கிடைக்கும்னு தேடினாரு. கிடைக்கலை.”

அன்று அவள் பயந்தது பள்ளியை நினைத்து அல்ல. அண்ணன் இனி ‘பாப்பா’ என்று கூப்பிடாமல் போய்விடுவாரோ என்றுதான்.

4

அவர் ஒன்பதுக்குப் போனார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார். ஆனால் போனபின் அவர் நூறு ஆயிற்றே, அரைகுறையாக எதையும் செய்ய வராது. கடைசி பெஞ்சுக்காரர்களை நாலைந்து பேராகப் பிரித்து, பள்ளி நேரத்திலேயே தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். யாராவது வரவில்லையென்றால் வருகை எடுத்த கையோடு தொலைபேசி.

“என்னடா, காய்ச்சலா? அம்மாகிட்ட குடு. காய்ச்சல் இருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

[அவர் குரலைக் கேட்பதற்குப் பதில் பள்ளிக்கே வந்துவிடலாம் என்று சில பிள்ளைகள் முடிவெடுத்ததாகத் தெரிகிறது. ஆய்வில் இது இல்லை.]

மறு ஆண்டு மேலிடத்து அதிகாரி தலை எண்ண வந்தபோது பத்தாம் வகுப்பில் பெஞ்சு போதவில்லை. ஆய்வகத்திலிருந்து முக்காலிகளைத் தூக்கி வந்திருந்தார்கள். வாசலில் நின்றபடியே எண்ணினார் அதிகாரி. “மன்னிச்சுக்குங்க சார், உங்களுக்கு உட்கார இடமில்லை,” என்றாள் தலைமையாசிரியை. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. மூடும் பேச்சு அத்தோடு மூடியது!

தேர்வு முடிவு வந்தது. கணிதத்தில் எண்பத்தேழு சதவீதம். பத்தாம் வகுப்பு எடுத்த இளம் ஆசிரியர் பேயறைந்தவர்போல நின்றார். நூறு அவர் தோளில் கை போட்டார்.

“என் நூறைவிட உன் எண்பத்தேழு பெருசுப்பா. எத்தனை தலைன்னு எண்ணிப் பாரு.”

பின்னால் நின்ற தங்கைக்கு அப்போதுதான் கண் கலங்கியது. [மழை பெய்யவில்லை.]

“பாப்பா, வாசல் பலகை எழுதுற பெயிண்டரை வரச் சொல்லு,” என்றார். பள்ளிக்குள்ளேயே, எல்லார் காதிலும் விழ.

5

பெயிண்டர் ஏணியில் ஏறினார். இந்த முறை நூறு கேட்டது ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பலகை.

“ஒன்பதாவதுக்கு ரிசல்ட்டே கிடையாதே சார். என்ன எழுதறது?”

“இடையில் நின்றவர்கள்னு போடுங்க.”

எழுதினார். “எத்தனை சார்?”

ஊருக்கெல்லாம் முட்டை போட்டே பழகிய மனிதர், தனக்கு ஒரு முட்டை வேண்டும் என்று ஏங்கி நின்றார். ஆனால் அந்த ஆண்டின் ஒன்பதில் ஒரு பெண் மட்டும் தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நாலு முறை அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாயிற்று.

“கொஞ்சம் இருங்க, வந்துடறேன்,” என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

இதற்கு முடிவு ஒன்று: அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு— முடிவு இரண்டு: தையல் கடைக்காரர் கதவைக்கூட—

“ரெண்டையும் விடு,” என்றாள் மனைவி. “கதையைப் படிக்கிறவங்க ஏறி நின்னு அந்த நம்பரை எழுதட்டும்.”

ஏறுங்கள். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். தூரிகையை நனைத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இதோ, தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம். பின் இருக்கையில் ஆள் இருக்கிறதா என்று, அந்த உயரத்திலிருந்து உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.