வெள்ளை அட்டை

அந்தப் படக்காரனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

நாங்கள் குடை தைத்து, கத்திக்குச் சாணை பிடித்து ஊர் ஊராகப் போகிறவர்கள். பாலத்தடியில் கூடாரம் போட்டிருந்தபோது வந்தான். மூக்கில் கைக்குட்டை, பேச்சில் தேன். எடுத்த கையோடு படத்தைக் கிர்ரென்று வெளியே தள்ளும் கேமரா கழுத்தில் தொங்கியது. நாங்கள் முகம் கழுவி வந்து நின்றது அவனுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் சட்டையைக் கழற்றச் சொன்னான். அம்மாவின் தலையைக் கலைத்துவிட்டான். கட்டைவிரலில் எச்சில் தொட்டு, அடுப்புக்கரியைக் குழைத்து என் மகளின் கன்னத்தில் பூசினான். காலையில்தான் அவளைக் குளிப்பாட்டியிருந்தேன்.

அம்மா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அப்பாவின் நெஞ்சு இனித் தாங்காது என்று டாக்டர் கைவிரித்திருந்தார். அவரோடு சேர்ந்து ஒரே ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவன் தனக்கென்று எடுத்தவை எங்கள் கண்ணெதிரிலேயே மெல்லத் தெளிந்தன. எல்லாவற்றிலும் நாங்கள் குப்பையிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருந்தோம். பிறகு எங்கள் முறை. அப்பா தண்ணீர் தொட்டுத் தலை சீவி, துவைத்த சட்டை போட்டு, அம்மாவை ஒட்டி உட்கார்ந்தார். பல நாள் கழித்துச் சிரித்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அவன் திரும்பி நின்று பைக்குள் துழாவி, ஒரு வெள்ளை அட்டையை நீட்டினான்.

"துணியில சுத்தி வைங்கம்மா. நாளைக்குத்தான் பிரிக்கணும். அவசரப்பட்டா படம் போயிடும்."

பொழுது சாய்வதற்குள் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டாள். அட்டை வெள்ளையாகவே கிடந்தது. அந்த வருஷத்து மழைக்காலத்தோடு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அவர் முகத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டதாக அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஊரில் சித்தி குடும்பத்தோடு ரயில் பாதை ஓரம் தங்கினோம். சித்தி பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதே வெள்ளை அட்டை. தூரத்தில் கட்டிக்கொடுத்த மகளின் படமாம். அதே கைக்குட்டைக்காரன் முன்பு கொடுத்துவிட்டுப் போனதாம், சித்தியும் அவசரப்பட்டுப் பிரித்துவிட்டாளாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் படத்துக்கு அந்தக் கிர்ர் சத்தம் வரவே இல்லை. வெறும் விளக்கை அடித்துவிட்டு, கெட்டுப்போன அட்டையை எங்கள் தலையில் கட்டியிருக்கிறான். மனிதன் செய்கிற வேலையா இது? அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. தன் அவசரம்தான் என்றாள்.

அவன் அங்கேயும் வந்தான். அதே கைக்குட்டை. எங்களை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நாங்கள் பத்தோடு பதினொன்று. அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு அட்டையை ஏந்திக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார்கள்.

"தெரியாம பிரிச்சுட்டேன் சார். அவரு முகத்தை மட்டுமாவது வர வைக்க முடியுமா?"

அவன் அட்டைகளைப் பார்த்தான், அம்மாவின் கண்ணீரைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியே நில்லுங்க. அட்டையைக் கொஞ்சம் மேல தூக்குங்க. பிரமாதமா இருக்கு," என்று கேமராவைக் கண்ணில் வைத்தான்.

நான் குறுக்கே போய் அதன் கண்ணாடி மேலேயே காறித் துப்பினேன். துடைத்துக்கொள்ளட்டும், கைக்குட்டைதான் கையிலேயே இருக்கிறதே.